‘12 ஜிபி கிராபிக்ஸ், 38 ஆயிரம்தான்’ என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் குறைந்த விலையில் கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ‘ஐ7, 16 ஜிபி ரேம், 12 ஜிபி கிராபிக்ஸ், 38,000 ரூபாய், ஓப்பன் பாக்ஸ்’ (பெட்டியை மட்டும் திறந்த புதுப் பொருள் என்று அர்த்தம்) என்று ஒரு விளம்பரம் இன்ஸ்டாகிராமில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த லேப்டாப்பைத்தான் என் அக்கா மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அதில் 12 ஜிபி கிராபிக்ஸ் இல்லை. அது புதியதும் இல்லை. எந்த விளையாட்டுக்காக வாங்கினோமோ அது திறக்கவே இல்லை.

கடையில் நாங்கள் கேட்காமல் வாங்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு பெயர் என்ன, எந்தத் தலைமுறை ஐ7 ப்ராசஸர் என்று பையன் தெளிவாகவே கேட்டான். “என்விடியா தம்பி, பன்னிரண்டு ஜிபி. எந்த கேம் வேணா ஓடும்” என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு விண்டோஸில் டிஎக்ஸ்டயாக் என்ற திரையைத் திறந்தார். அதில் டிஸ்ப்ளே பக்கத்தில் மொத்த நினைவகம் என்ற வரிக்குக் கீழே விரலை வைத்து, “நான் சொல்லல சார், சிஸ்டமே சொல்லுது பாருங்க” என்றார். அங்கே 12 ஆயிரத்துச் சொச்சம் எம்பி என்றுதான் இருந்தது.

அந்த எண் பொய்யில்லை. அதை அவர் காட்டிய விதம்தான் மோசடி. அவர் விரல் மறைத்த அடுத்த இரண்டு வரிகளில் விஷயம் இருக்கிறது. ஒன்று கார்டின் சொந்த நினைவகம், 4 ஜிபி. மற்றது ஷேர்டு, அதாவது தேவைப்பட்டால் ரேமிலிருந்து இரவல் எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் ஒதுக்கி வைப்பது. பொதுவாக இது ரேமில் பாதி. 16 ஜிபி ரேம் போட்ட லேப்டாப்பில் 8 ஜிபி. நாலும் எட்டும் பன்னிரண்டு. இந்தக் கணக்கில் பார்த்தால், கூடுதலாக ஒரு ரேம் ஸ்டிக் மாட்டினாலே எந்தப் பழைய லேப்டாப்பும் ‘பெரிய கிராபிக்ஸ்’ ஆகிவிடும்.

இரவல் நினைவகத்தை வைத்து விளையாட முடியாதா என்று கேட்கலாம். இந்த லேப்டாப்பில் இருப்பது குவாட்ரோ எம்2000எம் என்ற என்விடியா கார்டு. அதன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்குச் சுமார் 80 ஜிபி தரவை எடுக்க முடியும். ரேமிலிருந்து எடுப்பதென்றால் கார்டையும் லேப்டாப்பின் மற்ற பாகங்களையும் இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக வர வேண்டும், அந்தப் பாதையின் உச்சமே நொடிக்கு 16 ஜிபிதான். அதனால் 4 ஜிபி நிரம்பியதும் படம் திக்கித் திக்கி ஓடும். ஷேர்டு என்று எவ்வளவு எழுதியிருந்தாலும் அது கிராபிக்ஸ் கார்டின் கணக்கில் சேராது.

குவாட்ரோ எம்2000எம் 2015-இல் வந்தது, மேக்ஸ்வெல் தலைமுறை. கேட் (CAD), அதாவது கணினியில் பொறியியல் வரைபடம் போடுகிறவர்களுக்காகச் செய்த கார்டு, அந்த வேலைக்கு நல்ல கார்டு. விளையாட்டில் பழைய ஜிடிஎக்ஸ் 960எம் பக்கத்தில் வரும். மேக்ஸ்வெல் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ப்ராசஸர் ஐ7 6820எச்க்யூ, ஆறாம் தலைமுறை. வெறும் ‘ஐ7’ என்று சொன்னால் பத்து வருடத்துக்கு முந்தையதும் ஐ7தான். ஐ7-க்கு அப்புறம் வரும் நான்கு இலக்க, ஐந்து இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து பையன் வேலரன்ட் விளையாட்டை நிறுவினான். திறந்ததும் வேன் 9001 என்று பிழை. டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டும் வேண்டும் என்கிறது. விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இவை இரண்டும் இல்லாமல் உள்ளே விடாது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை, மிகச் சில தவிர, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு ஏற்பதில்லை. கடைக்காரர்கள் அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவித் தந்திருக்கிறார்கள். போனில் சொன்னபோது, “விண்டோஸ் 10 போட்டுத் தரேன், ஓடும்” என்றார்கள். ஓடலாம். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கல்லூரி வேலையையும் பணப் பரிமாற்றத்தையும் அதில் செய்யப் போகிற பையனுக்கு அதைத் தீர்வு என்று சொல்வது நியாயமே இல்லை.

அப்புறம்தான் மற்றதையும் பார்த்தோம். மூடியில் ஒட்டியிருந்த டிராகன் படத்தை ஓரத்தில் உரித்தால், அடியில் ஏதோ நிறுவனத்தின் பார்கோடு ஸ்டிக்கரைப் பிய்த்த பசைத் தடம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புத் திரை) அந்த நிறுவனத்தின் சொத்து எண் அழியாமல் அப்படியே இருக்கிறது. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் உத்தரவாதம் 2019-இலேயே முடிந்துவிட்டது என்று வருகிறது. பவர்சிஎஃப்ஜி என்ற விண்டோஸ் கட்டளையில் பேட்டரி அறிக்கை எடுத்தோம். வடிவமைத்த கொள்ளளவில் பாதிகூட இப்போது ஏறுவதில்லை. ‘ஓப்பன் பாக்ஸ், ஒரு நாள்கூட ஓடாதது’ என்று விற்ற பொருளின் லட்சணம் இது.

அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்பை விற்பது தப்பே இல்லை. இதே மாடலை, ‘பயன்படுத்திய மெஷின்’ என்று உள்ளதைச் சொல்லி, கிட்டத்தட்ட பாதி விலைக்குத் தரும் கடைகள் அதே தெருவில் இருக்கின்றன. அந்த விலைக்கு அது உருப்படியான மெஷின், ஜிடிஏ 5 குறைந்த செட்டிங்கில் ஓடத்தான் செய்கிறது. நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களின் பெயரையும் இந்த மாதிரி ஆட்கள் கெடுக்கிறார்கள். மாதச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அக்கா எடுத்து வைத்த பணம் இது. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் பில்லைக் காட்டினார். அதில் ‘லேப்டாப் ஐ7 16ஜிபி – 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. கார்டு பெயரை எழுதச் சொல்லி அன்றே கேட்டேன், “சிஸ்டத்துல அவ்வளவுதான் சார் வரும்” என்றார். இப்போது, “பில்லில் உள்ளதைக் கொடுத்துட்டோம், கிராபிக்ஸ் பத்தி நாங்க ஒண்ணும் சொல்லலையே” என்கிறார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. ‘யூஸ் பண்ணிட்டீங்க’ என்று சொல்லி 9,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், நடந்துகொண்டிருக்கிறது.

இது தெரியாமல் நிறையப் பேர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். பழைய பொருளைப் புதியது என்று விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படித்தான். குறையுள்ள பொருளைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளப் பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் என்று அதே சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடையில் நிற்கும்போது செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு என்பதை நீங்களே அழுத்துங்கள். வலது மேல் மூலையில் கார்டின் முழுப் பெயர் இருக்கும், கீழே டெடிகேட்டட் என்று போட்டிருப்பதுதான் உண்மையான நினைவகம். கார்டு பெயர், ப்ராசஸரின் முழு எண், சீரியல் எண் மூன்றும் பில்லில் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள். கையாலாவது எழுதிச் சீல் வைக்கச் சொல்லுங்கள். எழுத முடியாது என்றால் வெளியே வந்துவிடுங்கள், எழுதித் தருகிற கடை கிடைக்கும்.

புதிய லேப்டாப்பிலும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் வருகிறது, 80 வாட்டிலும் வருகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் என்று அந்த வாட் தெரியும். ஆர்டிஎக்ஸ் 2050 என்பதில் நினைவகப் பாதை 64 பிட்தான், 4 ஜிபி 3050-இல் 128 பிட், அதாவது இரண்டு மடங்கு அகலம். ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசம் என்றால் 3050 பக்கம் போங்கள். வேலரன்ட் மாதிரி இலகுவான விளையாட்டு மட்டும் போதும் என்றால், தனிக் கார்டே இல்லாத ரைசன் 5 (ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸர்) போட்ட ஒரு புதிய லேப்டாப்பில் ரேமை இரண்டு ஸ்டிக்காகப் போட்டு ஓட்டலாம். பட்ஜெட் நாற்பதாயிரத்தைத் தாண்டாத வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் லேப்டாப்பை ஃபார்மேட் செய்யாதீர்கள், கடைக்காரர் ‘சர்வீஸ் பண்ணித் தரேன்’ என்று கேட்டாலும் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். டிஎக்ஸ்டயாக் திரை, பயாஸில் உள்ள சொத்து எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் இன்றே எடுத்து வேறொரு போனில் போட்டு வையுங்கள். நான் வாங்கிய பிறகு அந்த விளம்பரத்தில் ‘ஓப்பன் பாக்ஸ்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் பையன் போனில் இருந்ததால்தான் அதை மனுவோடு சேர்க்க முடிந்தது.