போர் விமானி சிமுலேட்டரில் மன அழுத்தம் அளக்கும் கருவிகள்: 4 ஆண்டு அனுபவம்

போர் விமானிகள் சிமுலேட்டரில் ஏறும் முன் அவர்கள் உடம்பில் சென்சார் மாட்டி, இறங்கியதும் தரவைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. 4 ஆண்டு ஆகிறது. ஆரம்பத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டினோம். இன்று மிஞ்சியிருப்பது நெஞ்சுப் பட்டை, ஒரு தாள் கேள்விகள், எப்போதாவது உமிழ்நீர்க் குழாய்.

மணிக்கட்டுக் கடிகாரம் முதல் மாதமே மேஜை டிராயருக்குப் போய்விட்டது. ஒளியை வைத்து ரத்த ஓட்டத்தைப் படிக்கும் வகை அது, கை சும்மா இருந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் எஞ்சினில் தீ எச்சரிக்கை வந்து விமானி ஸ்டிக்கையும் த்ராட்டிலையும் போட்டு ஆட்டுகிற அந்த நிமிடத்தில், அதாவது நமக்கு வேண்டிய ஒரே நிமிடத்தில், வரைபடம் கந்தலாகிவிடும். விரலில் மாட்டும் வியர்வை சென்சாருக்குக் கையுறை எமன். பாதத்துக்கு மாற்றினோம், அங்கே காலால் மிதித்து விமானத்தைத் திருப்பும் ரடர் பெடல். விட்டுவிட்டோம்.

நெஞ்சுப் பட்டை அப்படியில்லை, துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளியை மில்லிசெகண்டில் தருகிறது. காய்ந்த மின்முனையோடு மாட்டினால் முதல் சில நிமிடங்கள் குப்பைதான், தண்ணீர் தடவி மாட்டுங்கள். இன்னொன்று, துடிப்பு மாறுபாட்டை, அதாவது அந்த இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதை, கணக்கிட 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட வழிமுறை குறுகிய பதிவுக்கு 5 நிமிடம் என்கிறது. நம் அவசர நிலையோ ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும், அதிலும் பாதி நேரம் விமானி ரேடியோவில் பேசிக்கொண்டிருப்பார். பேசினால் மூச்சு மாறும், மூச்சு மாறினால் மாறுபாடும் மாறும். அதனால் ரேடியோ ஒலிப்பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் நான் எந்த வரைபடத்தையும் இப்போது படிப்பதில்லை.

மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசாலை உமிழ்நீரில் அளப்பதில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். காலைக் குழுவுக்கு அழுத்தம் அதிகம் என்று அறிக்கையே எழுதிக் கொடுத்துவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது: கார்ட்டிசால் எல்லோருக்குமே காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். காலைக் குழுவையும் பிற்பகல் குழுவையும் ஒரே தராசில் நிறுத்தியிருக்கிறேன்! தவிர, அழுத்தம் வந்தபின் அது ஏறி உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும், இறங்கிய கையோடு குழாயை நீட்டினால் அதில் ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பாடுபடுத்தியது ஓய்வு நிலை அளவு, மற்ற எண்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அடிப்படை அது. காக்பிட்டில் உட்காரவைத்து 'அமைதியாக இருங்கள்' என்று சொல்லி எடுத்தோம். இன்ஸ்ட்ரக்டர் இன்று எதைக் கிளப்பப் போகிறாரோ என்ற யோசனையில் துடிப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும். இப்போது பயிற்சி இல்லாத வேறொரு நாளில் எடுக்கிறோம், அலைச்சல்தான், ஆனால் வேறு வழியில்லை.

கேள்வித்தாளுக்கு 1988-இல் வந்த நாசாவின் பணிச்சுமை அளவுகோல், 6 கேள்வி. ஆரம்பத்தில் எல்லோரும் எல்லாவற்றிலும் நடுவிலேயே கோடு போட்டார்கள். இது மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகாது, இன்ஸ்ட்ரக்டர் கண்ணிலும் படாது என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் கோடுகள் நகர ஆரம்பித்தன.

எங்கள் சிமுலேட்டர் அசையாத வகை, அதில் ஜி விசை, அதாவது வேகமாகத் திரும்பும்போது உடம்பை அழுத்தும் விசை, கிடையாது. நிஜ விமானத்தில் திருப்பத்தின்போது உடம்பை இறுக்குவதாலேயே துடிப்பு எகிறும், இங்கே அந்தக் கலப்படம் இல்லை. இருந்தும் எண் ஏமாற்றும். ஒருவருக்கு ஹைட்ராலிக் கோளாறின்போது துடிப்பு வரைபடம் அசையவே இல்லை, என்ன நிதானம் என்று வியந்தேன். பிறகு வீடியோவைப் பார்த்தால் மனிதர் எச்சரிக்கை விளக்கையே கவனிக்கவில்லை.

வாங்குபவர்களுக்கு: துடிப்பு இடைவெளிகளை அப்படியே கோப்பாகத் தராமல் வெறும் 'அழுத்த மதிப்பெண்' மட்டும் காட்டும் கருவி என்றால் தொடாதீர்கள். பட்டையின் எலாஸ்டிக் சில மாதத்தில் தளர்ந்துவிடும், உதிரிப் பட்டைகளையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.