ஆழக் கப்பல் டைவிங் பயணம்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

60 மீட்டருக்குக் கீழே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களுக்கு டைவர்களை அழைத்துப் போகும் படகுச் சேவைகளில் இரண்டு வகை உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பும் நாள் படகு ஒன்று. ஒரு வாரம் கடலிலேயே தங்கும் படகு இன்னொன்று. விளம்பரங்களில் கப்பலின் பெயரும் ஆழமும் படங்களும் பெரிதாக இருக்கும். கேபின், சாப்பாடு, வெந்நீர் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். கரையிலேயே கேட்டும் பார்த்தும் எடை போடக்கூடிய மற்ற விஷயங்களுக்குத்தான் இந்த மதிப்புரை.

முதலில் ரத்து விதி. பயணம் நடத்துபவரின் தலையில் இருக்கும் அழுத்தம் அங்கேதான் தெரியும். வந்திருப்பவர் ஆறு மாதத்துக்கு முன்பே முன்பணம் கட்டியவர், விடுப்பு எடுத்தவர், ஹீலியம் கலந்த சிலிண்டர்களுக்குத் தனியாகச் செலவு செய்தவர். கேப்டனுக்கோ பருவம் சில மாதங்கள்தான். அதிலும் நீரோட்டம் சாதகமாக இருக்கும் நாட்கள் இன்னும் குறைவு. காற்று ஏறிக்கொண்டிருக்கும் ஒரு காலையில் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்றால், அவர் கிளம்பத்தான் பார்ப்பார். டைவரின் பணம் முழுவதும் போய்விடும் என்றால் டைவர்கள் அவரை நெருக்குவார்கள். ரத்தானால் மாற்று நாள், அல்லது கரைக்கு அருகே ஆழம் குறைந்த இன்னொரு கப்பல், டீசல் செலவு மட்டும் பிடித்தம் என்று எழுத்தில் வைத்திருக்கும் சேவையே மேல். முடிவை எந்த நேரத்தில், எந்தக் காற்றளவில் எடுப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. கப்பலின் மேலே போய் நின்றுகொண்டு எடுக்கும் முடிவு பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

ஆந்த்ரேயா டோரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஜூலை 25 இரவு ஸ்டாக்ஹோம் கப்பலோடு மோதி, மறுநாள் காலை நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே மூழ்கிய இத்தாலியப் பயணிகள் கப்பல். 70 மீட்டருக்கும் மேல் ஆழம், வலுவான நீரோட்டம், மூடுபனி, சிதைவு முழுக்கச் சுற்றிக் கிடக்கும் மீன்பிடி வலைகள். இதுவரை பதினைந்துக்கும் மேற்பட்ட டைவர்கள் அங்கே இறந்திருக்கிறார்கள். அது கரையிலிருந்து வெகு தூரம். அவ்வளவு தூரம் போன பிறகு திரும்பிவிடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கப்பலின் சின்னம் பொறித்த பீங்கான் தட்டு ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையும் கூடச் சேர்ந்தது.

அடுத்து மூச்சுக் காற்றுக் கணக்கு. பயணத் தலைவர் டைவர்களின் திட்டத்தைச் சரிபார்க்கிறாரா, அல்லது சான்றிதழ் அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறாரா? 70 மீட்டரில் அழுத்தம் 8 பார், அதாவது கடல் மட்டக் காற்றழுத்தத்தைப் போல எட்டு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு இழுப்பவர் கீழே 160 லிட்டர் இழுப்பார். இரட்டை 12 லிட்டர் சிலிண்டர் 230 பாரில் 5,520 லிட்டர். ஏதோ ஒன்று கெட்டு இருவர் ஒரே சிலிண்டரில் மூச்சு விட வேண்டி வந்தால், பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் என்று வைப்போம். சிக்கலைத் தீர்க்கக் கீழே 2 நிமிடம் என்றால் 960 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில், அடுத்த கலவைக்கு மாறும் 21 மீட்டர் வரை ஏற ஏறத்தாழ 1,800 லிட்டர். மொத்தம் 2,760 லிட்டர். அதாவது 115 பார் மிச்சம் இருக்கும்போதே, மேலிருந்து கப்பலுக்கு இறக்கிய கயிற்றைப் பிடித்து மேலே கிளம்ப வேண்டும். போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்று பலரும் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி போனால், கயிற்றுக்குத் திரும்பும்போது 77 பார்தான் இருக்கும், போதாது. சரியாகப் போட்டால், இறங்கும் நேரத்தையும் சேர்த்து 17 நிமிடம்தான் கிடைக்கும். அந்த ஆழத்தில், அந்தச் சிலிண்டரோடு, "25 நிமிடம் கப்பலில்" என்று விற்கும் சேவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

கலவையும் அப்படித்தான். 70 மீட்டரில் சாதாரணக் காற்றின் ஆக்சிஜன் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.68 பார், வலிப்பு வரக்கூடிய எல்லையைத் தாண்டியது. அதோடு அந்த ஆழத்தில் அது லிட்டருக்கு 10 கிராம் எடை கொண்ட கெட்டியான வாயு. 6.2 கிராமைத் தாண்டினாலே நுரையீரலில் கரியமில வாயு தேங்கத் தொடங்கும் என்பதால்தான் அது உச்ச வரம்பு, 5.2 கிராமுக்குள் இருந்தால் உத்தமம். 15 சதவீத ஆக்சிஜனும் 55 சதவீத ஹீலியமும் கலந்த ட்ரைமிக்ஸ் சுமார் 5.5 கிராமில் நிற்கும். 18 சதவீத ஆக்சிஜனும் 45 சதவீத ஹீலியமும் உள்ள 18/45 கலவை 60 மீட்டருக்குச் சரி, 70 மீட்டரில் அதுவும் 6.4-க்குப் போய்விடும். ஹீலியம் விலை ஏறியிருக்கிறது என்று சொல்லிக் கலவையில் அதைக் குறைத்துத் தருகிற இடத்தில் டைவ் செய்யாதீர்கள். சிலிண்டரை வாங்குபவரே பகுப்பாய்வுக் கருவியில் ஆக்சிஜனையும் ஹீலியத்தையும் பார்த்து, அதிகபட்ச ஆழம், தேதி, தன் கையெழுத்து மூன்றையும் டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும். டேப் ஒட்டாத சிலிண்டர் படகில் ஏறினால் நடத்துபவர் இறக்கி வைக்கிறாரா என்று கவனியுங்கள். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனிக் கயிறு. மொத்தச் சேவையிலும் உயிர்நாடி இதுதான், விளம்பரத்தில் ஒரு வரி கூட வராததும் இதுதான். கப்பலில் கொக்கி மாட்டி, படகு ஊழியர் இருவர் முதலில் இறங்கிக் கட்டுவார்கள். கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒரு தெர்மாகோல் கோப்பையை விடுவது சில இடங்களில் வழக்கம். கோப்பை மேலே வந்து மிதந்தால்தான் அடுத்தவர் இறங்கலாம். அந்த இருவருமே பயண வழிகாட்டிகளாகவும் இருந்தால் தினமும் அதிக டீகம்ப்ரெஷன் (உடலில் கரைந்த வாயு வெளியேற, மேலேறும் வழியில் நின்று நின்று வருவது) சுமை அவர்கள் மேல்தான் விழும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அவர்களுக்கு ஓய்வு நாள் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். களைத்தவர் கட்டிய முடிச்சை நம்பித்தான் பத்துப் பேர் தொங்கப் போகிறார்கள்.

நீரோட்டம் திரும்பும் கடல்களில் நல்ல சேவை, டீகம்ப்ரெஷனுக்கென்று தனி மேடை வைத்திருக்கும். மிதவைகளில் தொங்கும் கம்பிகள் 6, 9, 12 மீட்டர் ஆழங்களில் இருக்கும். ஒரு இணைப்புக் கயிறு அதை முதன்மைக் கயிற்றோடு கோர்க்கும். இறங்கும்போது ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய அட்டையை அந்த இணைப்பில் மாட்டிவிட்டுப் போவார், ஏறி வரும்போது கழற்றிக்கொள்வார். கடைசி ஜோடி வந்து பார்க்கும்போது வேறு அட்டை எதுவும் இல்லையென்றால் இணைப்பை அவிழ்த்துவிடுவார்கள். மேடை மொத்தமும் நீரோட்டத்தோடு மிதந்து போகும், யாரும் கொடி மாதிரி இழுபட வேண்டியதில்லை.

ஒரு அட்டை மிச்சம் இருந்தால்? இங்கேதான் திறமை தெரியும். அந்த ஆள் கயிற்றைத் தவறவிட்டு வேறெங்கோ தன் சொந்த மிதவையோடு ஏறிக்கொண்டிருக்கலாம், இன்னும் கப்பலுக்குள்ளேயும் இருக்கலாம். எந்த நிமிடத்தில் யார் வந்தாலும் வராவிட்டாலும் அவிழ்ப்பது என்று இறங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அப்படி ஒரு நேரத்தை வைக்காத பயணத்தில், கடைசி ஜோடி 12 மீட்டரில் தொங்கிக்கொண்டே நண்பனுக்காகக் காத்திருக்கும், தங்கள் டீகம்ப்ரெஷனையும் கெடுத்துக்கொள்ளும். மேடையைப் பின்தொடர ஒரு படகு, தனியாக மிதக்கும் மிதவையைத் துரத்த இன்னொரு சின்னப் படகு, இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் கேப்டன் எதன் பின்னால் போவார்? பதில் சட்டென்று வராவிட்டால், அந்தக் கேள்வியை அங்கே இதுவரை யாரும் கேட்டதில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வழிகாட்டியும் தண்ணீரில் இருக்கிறார் என்பதைப் பலர் பெருமையாக விற்கிறார்கள். பாதுகாப்புக்கு அது பெரிதாக உதவாது. அவருக்கே 50 நிமிட டீகம்ப்ரெஷன் பாக்கி இருக்கும்போது யாரையும் தூக்கிக்கொண்டு மேலே வர முடியாது. அன்றைக்கு டைவ் செய்யாமல், உடையணிந்து, சிலிண்டர் மாட்டத் தயாராக மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான் தேவை. படகை ஓட்டுபவர் ஒருவர், டைவர்களை எண்ணுபவர் ஒருவர், இந்தக் காத்திருப்பவர் ஒருவர். மூன்று வேலைக்கும் ஒரே ஆள் என்றால் விலை குறைவாக இருப்பதன் காரணம் தெரிந்துவிட்டது.

படகில் முதலுதவிக்கு இருக்கும் ஆக்சிஜனையும் எண்ணிப் பாருங்கள். 10 லிட்டர் சிலிண்டர் 200 பாரில் 2,000 லிட்டர். முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 2 மணி 13 நிமிடம் வரும். இருவருக்குக் கொடுத்தால் 66 நிமிடம். ஜோடியாக இறங்குபவர்கள் ஜோடியாகவே பாதிக்கப்படுவதும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தரும் மறுஅழுத்த அறை மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தால் ஒரு சிலிண்டர் வெறும் அலங்காரம். இழுக்கும் மூச்சுக்கு மட்டும் ஆக்சிஜன் தரும் வால்வு இருந்தால் அதிக நேரம் தாங்கும், ஆனால் மயங்கிக் கிடப்பவருக்கு அது உதவாது. இரண்டும் வேண்டும்.

கப்பலுக்குள் நுழைவதைப் பற்றி விளக்கக் கூட்டத்தில் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பதும் ஒரு அளவுகோல். விடும் மூச்சுக் குமிழ்கள் கூரையில் மோதி, துருத் துகள்களை மழை மாதிரி உதிர்க்கும். உள்ளே போகும்போது தெளிவாக இருந்த அறை, திரும்பும்போது பழுப்பு நீராக இருக்கும். திரும்பும் வழி தெரிய விட்டுக்கொண்டே போகும் ரீல் கயிற்றின் முதல் முடிச்சு வெளியே வெளிச்சத்தில், இரண்டாவது வாசலுக்குள். கூரை இடிந்த இடங்களில் தொங்கும் மின்கம்பிகள் ரெகுலேட்டரிலும் (வாயில் வைத்து மூச்சு இழுக்கும் கருவி) வால்விலும் மாட்டும். கையெட்டும் இடத்தில் இரண்டு வெட்டும் கருவிகள் வேண்டும், அதில் ஒன்று கம்பி வெட்டக்கூடியது. ரீபிரீதர்காரர்களிடம் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி இழுக்கும் கருவியோடு வருபவர்கள்) ஆக்சிஜனை அளக்கும் செல்லின் வயதையும், மூச்சடைத்தால் மாற்றிக்கொள்ள சாதாரண சிலிண்டரில் எத்தனை லிட்டர் திறந்த சுற்று வாயு வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்கும் தலைவர் கிடைத்தால் அவரோடு மறுபடியும் போகலாம்.

தங்கும் படகுகளுக்கு ஒரு கேள்வி கூடுதல்: இரவில் யார் விழித்திருக்கிறார்கள்? 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவுக்கருகே கான்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். ரோந்து சுற்ற வேண்டிய இரவுக் காவல் அன்று இருக்கவில்லை. விளக்கு, நீருக்கடி ஸ்கூட்டர் பேட்டரிகளை எங்கே, எந்த நேரத்தில் சார்ஜ் போடலாம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கும் படகு நம்பிக்கை தரும். படுக்கை அறையிலேயே பிளக் வசதி என்று பெருமையடிப்பவரிடம் இரவுக் காவல் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஏணி. நீண்ட நேரம் குளிர்நீரில் தொங்கிவிட்டு, 60 கிலோ சாமானோடு, ஆடும் படகில் ஏறுவது இடுப்புக்கும் நல்லதல்ல, டீகம்ப்ரெஷன் முடித்த உடனே இப்படி மூச்சுவாங்குவது ரத்தத்தில் குமிழ் உண்டாகவும் வழி செய்யும். பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்கு இறங்கும் லிஃப்ட் உள்ள படகு கொஞ்சம் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம். லிஃப்ட் பழுதானால் சிலிண்டர்களைத் தண்ணீரிலேயே கழற்றி மாட்ட பக்கவாட்டில் கயிறு தொங்கவிடுவார்களா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.