மதிலா, விலக்கா, சம தூரமா? நெல்லையிலிருந்து ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையில் திருச்சபை நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பது சபையின் நிர்வாகம். சம்பளம் தருவது அரசுக் கருவூலம். ஆற்றுக்கு அக்கரையில் நெல்லையப்பர் கோயிலின் செயல் அலுவலரை நியமிப்பது அரசு. அவர் நிர்வகிப்பது சுவாமியின் சொத்து. மதத்தையும் அரசையும் பிரிப்பதில் அமெரிக்காவின் மதில், பிரான்சின் விலக்கு, இந்தியாவின் சம தூரம் என்ற மூன்று வழிகளை இந்தப் பள்ளியிலும் கோயிலிலும் பொருத்திப் பார்த்தால், கொள்கை விளக்கங்களில் தெரியாத வேறுபாடுகள் தெரியவரும்.

முதலில் பள்ளி. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை மதிலாகக் கொண்ட அமெரிக்காவில், சபைப் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்துக்கு மாநிலங்கள் பணம் தருவது செல்லாது என்று 1971இல் லெமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் கையில் கல்விச் சீட்டாகக் கொடுத்தால் அந்தப் பணம் சபைப் பள்ளிக்குப் போகலாம் என்று 2002இல் அதே நீதிமன்றம் சொன்னது. வாசலை அடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்ததாகவே எனக்குப் படுகிறது. பிரான்சின் 1905ஆம் ஆண்டுச் சட்டமோ எந்த மதத்தையும் அரசு அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளமோ மானியமோ தராது என்கிறது. ஆனால் அதே நாட்டில் 1959ஆம் ஆண்டின் தெப்ரே சட்டப்படி, அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் தருகிறது. அரசின் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டும், மதம் பார்த்துப் பிள்ளைகளை மறுக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். 2004இல் தலைமுக்காட்டுக்கு வந்த தடை அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது என்பதால், முக்காடிட்ட மாணவி கத்தோலிக்கப் பள்ளியில் படிக்க அந்தச் சட்டம் தடையில்லை.

ஆகவே, பள்ளி விஷயத்தில் பாளையங்கோட்டைக்கு நெருக்கமானது பாரிஸ்தான். நம் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு உதவி பெறும் நிறுவனத்தில் எவரையும் மத போதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 30ஆவது பிரிவு சிறுபான்மை நிர்வாகம் என்பதற்காக உதவியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தூய சவேரியார் கல்லூரி, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி, ம.தி.தா. இந்துக் கல்லூரி ஆகிய மூன்றும் அரசு உதவி பெறுபவை. லெமன் தீர்ப்பின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது இந்த ஏற்பாடுதான். இதில் இந்திய வழியே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கோயிலில் அப்படிச் சொல்ல முடியவில்லை. விலகி நிற்பதை நாமும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறோம். 1817ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில் மானியங்களைத் தன் மேற்பார்வையில் வைத்திருந்த கம்பெனி அரசு, கிறிஸ்தவர்களான தன் அதிகாரிகள் சிலைவழிபாட்டுக்குத் துணைபோவதா என்ற மிஷனரிகளின் எதிர்ப்பால் பின்வாங்கியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கியது. அதன்பின் அறங்காவலர்கள் நிலத்தையும் வருமானத்தையும் கையாண்ட விதம் குறித்து எழுந்த புகார்களே, நீதிக்கட்சி ஆட்சி 1920களில் அறநிலைய வாரியம் அமைக்கக் காரணமாயின. இன்றைய அறநிலையத் துறை 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. பிரான்சில் 1905க்கு முற்பட்ட பேராலயக் கட்டடங்கள் அரசுக்குச் சொந்தம். ஆனால் உள்ளே நடக்கும் நிர்வாகத்தில் அரசு தலையிடுவதில்லை. இங்கே சொத்து சுவாமிக்கு, நிர்வாகம் அரசுக்கு.

தென்காசியை அடுத்த செங்கோட்டைக்கு மட்டும் ஒரு தனிக் கதை உண்டு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்துக்கு வந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அப்பகுதிகளின் கோயில்களுக்கென ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தமிழக அரசு தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 290ஏ பிரிவே எழுதிவைத்திருக்கிறது. கர்னல் ஜான் மன்றோ அங்கே திவானாக இருந்த காலத்தில் திருவிதாங்கூர் அரசு எடுத்துக்கொண்ட கோயில் நிலங்களுக்கு ஈடாகத் தொடங்கிய வழக்கம் என்பதால், இதைச் சலுகை என்பதைவிடக் கடன் என்பதே பொருந்தும்.

வக்ஃபு சொத்துக்கு வாரியம் இருக்கிறது. தேவாலயச் சொத்துக்கு அப்படி ஓர் அரசுத் துறை இல்லை. கோயிலுக்கோ அன்றாட நிர்வாகம் வரை துறையே. எல்லா மதத்துப் பள்ளிகளுக்கும் பொதுவாகக் கிடைத்த ஒரே மாதிரியான விதி வழிபாட்டுத் தலங்களுக்குக் கிடைக்கவில்லை. கோயில் நிர்வாகத்தை அந்தந்த ஊர் அறங்காவலர் குழுவிடம் விட்டுவிட்டு, அரசு ஆண்டுத் தணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதே தணிக்கையைத் தேவாலயங்களை நிர்வகிக்கும் திருமண்டலத்தின் சொத்துக்கும் வக்ஃபு சொத்துக்கும் ஒரே படிவத்தில், ஒரே காலக்கெடுவில் செய்யலாம்.