குகேஷின் ரெட்டியா, டிங்கின் இங்கிலீஷா?

2024 டிசம்பர், சிங்கப்பூர். உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியில் இந்தியாவின் குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் மோதினார்கள். வரிசையாக ஏழு ஆட்டம் டிரா. அப்புறம் அடுத்தடுத்த இரண்டு ஆட்டத்தில் ஆளுக்கொரு வெற்றி. இரண்டுமே நடுச் சிப்பாயை முதலில் தொடாமல் ஓரமாகத் தொடங்கியவை.

11-ஆவது ஆட்டத்தில் வெள்ளைக் காயுடன் குகேஷ் குதிரையை எஃப்3-க்கு (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது பலகைக் கட்டத்தின் பெயர்) விட்டு, அடுத்து சிப்பாயை சி4-க்கு ஆடினார். இது ரெட்டி என்ற ஓப்பனிங், அதாவது தொடக்க முறை. 12-ஆவதில் வெள்ளைக் காயுடன் டிங் சி4-இலேயே ஆரம்பித்தார். இது இங்கிலீஷ் ஓப்பனிங். வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் கறுப்பு டி5 சிப்பாயை டி4-க்குத் தள்ளி வெள்ளையின் நடுவில் ஆப்பு அடித்தது. அந்தச் சிப்பாயை என்ன செய்வது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

குகேஷ் மூன்றாவது நகர்விலேயே பி4. டிங் நான்காவது நகர்வுக்கே அரைமணிக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். சரி, எதிராளியைத் திகைக்க வைக்கும் திட்டம் பலித்ததா? பாதிதான். பின்னால் குகேஷும் ஒரே நகர்வுக்கு ஒரு மணி நேரம் போலச் செலவழித்தார். டி4 சிப்பாய் கடைசிவரை அசையவில்லை. அவர் அதைச் சீண்டாமல் ராணிப் பக்கம் போய், பி6 வரை தள்ளிய சிப்பாயைப் பலி கொடுத்து, பி வரிசையில் இரண்டு யானைகளையும் நிறுத்தினார். நேரம் நெருக்க, 28-ஆவது நகர்வில் டிங் ராணியை சி8-இல் வைத்தார். குகேஷின் ராணி சி6 குதிரையை வெட்டியது. பதிலுக்கு ராணியை வெட்டினால் பி8 யானை போகும். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு குதிரை லாபம். டிங் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மறுநாள் டிங் பதற்றமே காட்டவில்லை. இ3 ஆடி, அந்த ஆப்பையே வெட்ட வைத்துக் களைந்தார். அப்புறம் எச்3, ராஜா எச்2 என்று நிதானம். அதன்பின் குதிரையை ஜி1-க்கே திருப்பிக் கூட்டிவந்தார்! பிறகு அவருடைய டி சிப்பாய் டி5, டி6 என்று உள்ளே இறங்க, குதிரை சி7-இல் குந்தியது. 39 நகர்வில் முடிந்தது.

குகேஷ் பக்கம் கத்திக்கொண்டிருந்தவன் நான். ஆனாலும் ஆட்டமாக எனக்குப் பிடித்தது டிங்குடையதுதான். அதில் எதிராளியின் ஒற்றைப் பிழைக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளூர் போட்டிக்கு ஓப்பனிங் தேடுகிறவர் இங்கிலீஷை எடுக்கலாம். குகேஷின் அந்த பி4, எதிராளி எதிர்பார்க்காத ஒரு நாளுக்கு மட்டும்.