கார்பன் இழைப் பீங்கான்: ஆவி முறையா, உருகல் முறையா?

கார்பன் இழைக்கு நடுவே சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான பீங்கானை நிரப்ப எந்த முறை நல்லது என்று புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் குழம்புகிறார்கள். பெரும்பாலும் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவேதான்: ஆவியை இழைகளுக்குள் விட்டுக் கார்பைடைப் படிய வைக்கும் ஆவி முறை, உருகிய சிலிக்கானை உறிஞ்ச வைக்கும் உருகல் முறை.

நேரம்
ஆவி: வாரக்கணக்கில் ஆகும். சிலிக்கானும் கார்பனும் உள்ள மெத்தில்டிரைகுளோரோசிலேன் ஆவியையும் ஹைட்ரஜனையும் சுமார் 1000 டிகிரி செல்சியஸில், குறைந்த அழுத்தத்தில் விட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்துளைகள் முதலில் அடைத்துக்கொள்ளும், உள்ளே வெற்றிடம் தங்கிவிடும். அப்புறம் உலையை நிறுத்தி, மேற்பரப்பைச் சீவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.
உருகல்: சில மணி நேரம். 1414 டிகிரியில் உருகும் சிலிக்கானைத் இழைகளைக் கொண்ட, துளையுள்ள கார்பன் பாளம் தானாக உறிஞ்சி, வினைபுரிந்து கார்பைடாகிவிடும்.

செலவு
ஆவி: அதிகம். வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்கவே தனி அமைப்பு வேண்டும்.
உருகல்: குறைவு.

நுண்துளை
ஆவி: 10–15 சதவீதம் மிஞ்சும்.
உருகல்: மிகக் குறைவு, ஆனால் வினைபுரியாத சிலிக்கான் தங்கும்.

உடையும் விதம்
எனக்கு இதுதான் முக்கியம். பட்டையை இரு முனைகளில் தாங்கி நடுவில் அழுத்தும் மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் பாருங்கள்.
ஆவி: சுமைக்கோடு (வளைய வளையத் தாங்கும் சுமையைக் காட்டும் கோடு) உச்சம் தொட்டபின் படிப்படியாக இறங்கும். முறிந்த முகத்தில் இழைகள் தூரிகை போல நீட்டிக்கொண்டிருக்கும்.
உருகல்: இழைமேல் காப்புப் பூச்சு சரியில்லையென்றால் சிலிக்கான் இழையையே தின்றுவிடும். கோடு சட்டென்று விழும், முறிவு தட்டையாக இருக்கும்.

ராக்கெட் நாசில் போன்ற மெல்லிய, உயிர்நாடியான பாகத்துக்கு ஆவி. கார் பிரேக் டிஸ்க்குக்கு உருகல் போதும்.