மரத்துக்கு ராக்கர் தெரியாது: அகல ஸ்கீயோடு நாலு குளிர்காலம்

போன வாரம்தான் என் இடது ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, பழுது பார்த்துத் திரும்பி வந்தது. மரங்களுக்கு நடுவே, பனிக்கடியில் கிடந்த கட்டை ஒன்றில் ஏறிவிட்டேன். அடிப்பரப்பு உள்மரம் தெரியும் அளவுக்குக் கிழிந்து, ஓரத்தில் ஓடும் இரும்பு விளிம்பான எட்ஜும் ஒரு விரல் நீளத்துக்குப் பிதுங்கிவிட்டது. எட்ஜை உள்ளே தள்ளி, எபாக்ஸி விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கி, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலை, நகத்தால் தடவினாலும் தட்டுப்படவில்லை.

அன்றைக்கே நண்பன் கேட்டான்: "நெருக்கமான மரங்களுக்குள்ள ஓட்டணும். உன்னுது மாதிரி ஒண்ணு வாங்கலாமாடா?" ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

என்னுடையது நடுவில் 116 மில்லிமீட்டர் அகலம், 188 சென்டிமீட்டர் நீளம். முன்னும் பின்னும் ராக்கர் (முனை மேல்நோக்கி வளைந்திருப்பது), பூட்ஸுக்குக் கீழே மட்டும் கொஞ்சம் கேம்பர் (நடு வில் போல மேலே எழும்பியிருப்பது).

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். முழங்கால் ஆழப் பவுடரில், அதாவது புது உதிரிப் பனியில், இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதைத் தாண்டியதும் எதிரே மூன்றாவது மரம். பழைய கேம்பர் ஸ்கீயில் அந்த இடத்தில் ஒரு முழுத் திருப்பம் போட்டாக வேண்டும். அதற்கு இடம் இருக்காது. இதில் திருப்பமே வேண்டாம். பாதத்தை லேசாகத் திருகினால் போதும், ஸ்கீ மொத்தமும் குறுக்கே வந்து பனியை வழித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கும். மறுபடி நேராக்கினால் அடுத்த சந்து. முனைகள் இரண்டும் மேலே வளைந்திருப்பதால் பனியில் சிக்குவதில்லை. அகலம் மிதக்கவைப்பதால், முனை அமிழாமலிருக்க உடம்பைப் பின்னால் சாய்க்க வேண்டியதும் இல்லை. முதல் நாள் இதை உணர்ந்தபோது தனியாகச் சிரித்தேன்.

இனி அந்த வால், ஸ்கீயின் பின்முனை.

"ராக்கர் ஸ்கீயா? நீளமாவே எடு, ஓட்டும்போது குட்டையாத்தான் தெரியும்." வாங்கும்போது எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். பொய்யில்லை. கெட்டியான பனியில் முனைகள் தரையைத் தொடாது, நடுப்பகுதி எட்ஜ் மட்டும்தான் பிடிக்கும். ஆனால் மரத்துக்கு ராக்கர் தெரியாது. அதற்கு 188 என்றால் 188தான். சந்துக்குள் நின்று யோசித்துவிட்டுத் திரும்பப் பார்த்தால், முன்முனை ஒரு கன்று மரத்தின் கிளைக்குள், பின்னால் 'டொக்'. அந்தச் சத்தம் நாலு வருடமாகக் கேட்கிறது. வலது வாலின் மேல்தகடு ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கிறது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் நடுப்பக்கமாகத் தள்ளி இருப்பதால்தான் இவ்வளவு லேசாகச் சுழல்கிறது. அதே காரணத்தால்தான் பின்னால் இவ்வளவு வால். புகழ்வதும் திட்டுவதும் பைண்டிங்கைத் திருகிய ஒரே துளைகளைத்தான்.

மரம் முடிந்து லிஃப்டுக்குத் திரும்பும் உறைந்த பாதை இன்னொரு தண்டனை. முனை 'படபட'வென்று அடிக்கும், ஓர் எட்ஜிலிருந்து மறு எட்ஜுக்கு மாற ஒரு யுகம் ஆகும், முழங்காலுக்கு உள்பக்கம் வலிக்கும். ஆனால் இதைக் குறையாகச் சொல்லக் கூடாது, தெரிந்தேதான் வாங்கினேன்.

பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி அலாஸ்காவில் தண்ணீர்ச் சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பவுடரில் இறங்கிக் காட்டியவர். நடு தாழ்ந்து இரு முனையும் தூக்கிய, அவர் யோசனையில் பிறந்த வோலன்ட் ஸ்பாட்சுலா என்ற ஸ்கீ 2002-இல் வந்தது. அந்த வடிவம் மிதப்பதற்காகப் பிறந்தது. நாம்தான் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சந்துக்குள் நுழைக்கிறோம்.

அகலத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான் நண்பன். 108 ஆ 116 ஆ என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. நீளத்தைப் பார், வால் எவ்வளவு விறைப்பு என்று பார், முனை எவ்வளவு எடை என்று பார். முனை கனமாக இருந்தால் ராக்கர் இருந்தும் சட்டென்று திரும்பாது. கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் தடுக்கும் பைண்டிங்கின் பிரேக் அந்த அகலத்துக்குப் போதுமா என்றும் பார். எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது.

இன்னொன்று, இதற்கும் ஸ்கீக்கும் சம்பந்தமில்லை. தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே அடிமரத்தைச் சுற்றி உதிரிப் பனிக்குழி இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது கடினம். கையில் பிடிக்கும் ஸ்கீ கோலின் வாரில் கையை நுழைக்காதே, கூட வருகிறவனைக் கண்ணிலிருந்து விடாதே.

சரி, வாங்கலாமா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை ஒட்டுப் போட்ட ஸ்கீயோடு மறுபடி உள்ளே போனேன். மூன்றாவது சந்தில் 'டொக்'. இந்த முறை இடது வால். வீட்டுக்கு வந்து ஈரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, இதே ஸ்கீ 180-இல் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.