மரத்த காலுக்குத் தாராவியில் தைத்த ஷூ

சர்க்கரை நோயால் என் இடது பாதம் பாதி மரத்துவிட்டது. நடப்பதை விடப் பெரிய கஷ்டம், பெடல் ஸ்டீல் கிடார் வாசிப்பது. கிடையாக வைத்து, கால் பெடல்களால் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் கிடார் அது. ஈ9 சுருதி அமைப்பில் ஏ, பி, சி பெடல்கள் மூன்றும் இடது காலின் வேலை. ஏ பெடல் 5, 10ஆம் தந்திகளை ஒரு முழுச் சுரம் உயர்த்தும். பி பெடல் 3, 6ஆம் தந்திகளை அரைச் சுரம். இரண்டையும் ஒரே பாதத்தால் மிதித்து, கணுக்காலைச் சாய்த்து ஒன்றை மட்டும் மெதுவாக விடும்போதுதான் அந்த உருகும் ஒலி வரும். பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அதை எப்படிச் செய்வது?

வெறுங்காலோடு வாசிக்கவும் பயம். மரத்த காலில் காயம் பட்டால் தெரியாது. ஸ்போர்ட்ஸ் ஷூவின் அகலமான அடி பக்கத்துப் பெடலையும் சேர்த்து அமுக்கியது.

தாராவியில் ஒரு சின்னத் தோல் கடை. அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். பெடல் படத்தைப் பார்த்துவிட்டு, “சார், இது என்ன வண்டி?” என்றார். விளக்கியதும் முன்பக்கம் ஒடுங்கிய, மெல்லிய தோல் அடி வைத்த ஷூ தைத்தார். உள்ளே தையல் உறுத்தாமல் மெத்தென்ற தோல். 1,800 ரூபாய், பத்து நாள்.

பெடலின் விளிம்பு இப்போது ஓரளவு தெரிகிறது. முதலில் ஷூவின் குதிகால் பகுதி கழன்றது; காசு வாங்காமல் சரிசெய்தார். வால்யூம் பெடலில் இருக்கும் வலது கால் மட்டும் ஒரு மணி நேரத்தில் இன்னும் வலிக்கிறது. அதற்கு ஷூ போதாது. இருக்கையை ஓர் அங்குலம் உயர்த்திப் பார்க்கிறேன்.